ஆர்.எம்.பி. தாளில் 30%, நெட் அசெஸ்மென்ட் "நில்": இதோடு முடிந்ததா?

வாசகர் கேள்வி, ஆகஸ்ட் 2

ஹவில்தாராக 24 வருடம் முடித்து 2017-ல் வெளியே வந்தேன். ரிலீஸ் மெடிக்கல் போர்டில் (ஆர்.எம்.பி., வெளியே வரும்போது நடக்கும் மருத்துவக் குழுப் பரிசோதனை) ரத்த அழுத்தம் 30%, ஆயுள் முழுக்க என்று போட்டார்கள். அடுத்த கட்டத்திலேயே பென்ஷனுக்கான நெட் அசெஸ்மென்ட், அதாவது பென்ஷனுக்கு ஏற்கும் அளவு, நில் (பூஜ்யம்). டிசெபிலிட்டி எலிமென்ட் (ஊனத்துக்காக பென்ஷனோடு சேர்த்துத் தரும் தொகை) கிடையாது என்று ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது, அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். மெடிக்கல் அவுட் ஆனவனுக்குத்தான் (உடல்நிலை காரணமாகப் பாதியில் வெளியே அனுப்பப்பட்டவனுக்குத்தான்) அந்தப் பணம், முழு சர்வீஸ் முடித்தவனுக்கு இல்லை, அதுவும் இத்தனை வருடம் கழித்துக் கேட்கவே முடியாது என்கிறார்கள் கூட இருந்தவர்கள். சரிதானா?

ஆகஸ்ட் 2, இரவு

இரண்டுமே தவறு சார்.

முழு சர்வீஸ் முடித்தாலும், லோ மெடிக்கல் கேட்டகரியில் (முழு உடல்தகுதி இல்லை என்று வகைப்படுத்தப்பட்டு) வெளியே வருகிறவருக்கு டிசெபிலிட்டி எலிமென்ட் உண்டு. பார்ப்பது இரண்டே விஷயம். கோளாறு ராணுவ சேவையால் வந்திருக்க வேண்டும், அல்லது சேவையால் முற்றியிருக்க வேண்டும். அடுத்தது, அளவு 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் தாளில் 30 இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. முதல் விஷயத்தில்தான் போர்டு இல்லை என்று எழுதிவிட்டது. அதன் சுருக்கப் பெயர் என்.ஏ.என்.ஏ. சேவையால் வந்ததும் அல்ல, முற்றியதும் அல்ல என்று பொருள். அதனால் வந்ததுதான் அந்த "நில்". உங்கள் உடம்பில் ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். நீங்கள் வழக்காட வேண்டியது அந்த ஒரு வரியோடு மட்டும்தான்.

வருடம் கடந்தது பற்றி நாளை எழுதுகிறேன். கேட்க முடியும். ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு.

ஆகஸ்ட் 3

மேலே "20 சதவீதத்துக்கு மேல்" என்று எழுதிவிட்டேன். சரியாக 20 இருந்தாலே போதும். இந்த ஒரு சதவீதத்தில் பலர் சிக்கியிருப்பதால் திருத்திச் சொல்கிறேன்.

இப்போது முதல் வேலை. நிராகரிப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு அப்பீல் எழுதாதீர்கள். அந்தக் கடிதத்தில் முடிவு மட்டும்தான் இருக்கும், காரணம் மெடிக்கல் போர்டு தாளில் இருக்கும். படிவத்தின் பெயர் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16. பல பக்கம் வரும், எல்லாப் பக்கமும் வேண்டும். கடைசிப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம், அது உதவாது.

கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் ரெக்கார்ட் ஆபீஸின் பொதுத் தகவல் அதிகாரிக்கு மனு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மற்றவர்களுக்கு அவரவர் ரெக்கார்ட் ஆபீஸ். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், பக்கத்துக்கு 2 ரூபாய் நகல் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆர்மி நம்பர், ரேங்க், வெளியே வந்த தேதி மூன்றும் தெளிவாக இருக்கட்டும். "என் மெடிக்கல் பேப்பர் எல்லாம்" என்று கேட்டால் எதையாவது இரண்டு தாளை அனுப்பி முடித்துவிடுவார்கள். இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், ரிலீஸ் மெடிக்கல் போர்டு முழு நகல், முதல்முறை கேட்டகரி இறக்கிய போர்டின் தாள், டிசெபிலிட்டி எலிமென்ட்டை நிராகரித்த உத்தரவு. காயம் என்றால் இஞ்சுரி ரிப்போர்ட்டும் கோர்ட் ஆஃப் என்கொயரி நகலும் சேர்த்து.

ஆகஸ்ட் 3, மாலை

தாள் வந்ததும் எங்கே பார்ப்பது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மூன்று இடம்.

முதல் பகுதியில் உங்கள் போஸ்டிங் பட்டியல் இருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த ஊர், பக்கத்தில் பீஸா (அமைதிப் பகுதி) ஃபீல்டா (களப் பகுதி) என்று ஓர் எழுத்து. அதற்குக் கீழே நோய் முதலில் தெரிந்த தேதியும் இடமும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரத்த அழுத்தக்காரர்கள் பலருடைய தாளில் நோய் கண்ட இடம் பீஸ் ஸ்டேஷனாக இருக்கும். ஆனால் அந்த ஸ்டேஷனுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருக்கும், அதற்கு முந்தைய வரி உயர்மலைப் பகுதியாகவோ கிளர்ச்சி எதிர்ப்புப் பணியாகவோ இருக்கும். ரத்த அழுத்தம் ஏறிய நாளும் டாக்டர் கண்டுபிடித்த நாளும் ஒன்றல்ல. ஃபீல்டில் யாரும் வாராவாரம் பி.பி. பார்ப்பதில்லை, கீழே இறங்கி வந்து ஆண்டுப் பரிசோதனையில்தான் தெரிகிறது. போஸ்டிங் பட்டியலில் எழுத்து தப்பாக இருப்பதும் உண்டு. ஃபீல்ட் என்று இருக்க வேண்டிய இடத்தில் பீஸ் என்று குமாஸ்தா போட்டிருந்தால், ஷீட் ரோலோடு (உங்கள் சர்வீஸ் பதிவுத் தாள்) ஒப்பிட்டு அதை முதலில் சுட்டிக்காட்டுங்கள்.

இரண்டாவது இடம், சேருவதற்கு முன்பே இந்த நோய் இருந்ததா என்ற கேள்வி. ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இல்லை என்றே இருக்கும். அந்த "இல்லை" உங்கள் கையில் உள்ள பலமான துண்டு.

மூன்றாவது, போர்டின் கருத்து. அதில் "பீஸ் ஏரியாவில் தொடங்கியது, ஃபீல்ட் சேவை அழுத்தத்தோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை" என்ற ஒற்றை வாக்கியம்தான் பெரும்பாலும் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறாத வாக்கியம் அது. அல்லது "கான்ஸ்டிட்யூஷனல் டிஸார்டர்", பிறவி உடல்வாகு என்று இருக்கும். பிறவி உடல்வாகு என்றால் குடும்ப வரலாறு பார்த்தார்களா, எடை என்ன, சிகரெட் உண்டா, எதை வைத்துச் சொன்னார்கள்? ஒன்றும் இல்லையென்றால் அது காரணம் சொன்னதாகாது.

ஆகஸ்ட் 5

அந்த வாக்கியத்தை எதிர்த்துப் பேச சட்டத்தில் என்ன இருக்கிறது.

அடிப்படை வழக்கு தரம்வீர் சிங், உச்ச நீதிமன்றம், 2013 ஜூலை. சேரும்போது எடுத்த பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் நல்ல உடல்நிலையோடு வந்தார் என்றே கொள்ள வேண்டும், பிறகு கெட்டது சேவையால் என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு, போர்டு காரணம் எழுத வேண்டும். 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கிலும் அதையே உறுதி செய்தார்கள். சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு என்பது ஊன ஓய்வூதியத் தகுதி பற்றிய 1982 விதிகளிலேயே இருக்கிறது.

அப்பீல் எழுதும்போது பத்துத் தீர்ப்புகளை அடுக்குவதில் பயன் இல்லை. தரம்வீர் ஒன்று போதும், மீதி இடத்தை உங்கள் தேதிகளுக்கு விடுங்கள்.

ஆகஸ்ட் 6

பணக் கணக்கு கேட்டவர்களுக்கு.

100 சதவீத ஊனத்துக்கு டிசெபிலிட்டி எலிமென்ட் என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் என்றால் பேசிக் மட்டும் இல்லை, மிலிட்டரி சர்வீஸ் பே சேரும். ஜவானுக்கும் ஜே.சி.ஓ.வுக்கும் 5,200 ரூபாய். குரூப் எக்ஸ் என்றால் அந்தப் பே-யும் சேரும். எல்லாம் சேர்த்து 40,000 என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதத்துக்கு 12,000. 30 சதவீதத்துக்கு 3,600.

ஆனால் 30 முப்பதாகவே நிற்காது. பிராட் பேண்டிங் என்று ஒன்று உண்டு, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறை. 50-க்குக் குறைவானதெல்லாம் 50 ஆகும், 51 முதல் 75 வரை 75 ஆகும், 76-லிருந்து மேலே 100 ஆகும். ஆக உங்கள் 30 ஐம்பது ஆகிறது, மாதம் 6,000, மேலே அகவிலை நிவாரணம் தனி. இது முதலில் மெடிக்கல் அவுட் ஆனவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில், காலம் முடிந்து வெளியே வந்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிராட் பேண்டிங்கைப் பொறுத்தவரை, மெடிக்கல் அவுட் ஆனவனுக்கு மட்டும் என்பது 2014-க்கு முந்தைய நிலை.

ஏற்கெனவே டிசெபிலிட்டி எலிமென்ட் வாங்குகிறவர்களும் பி.பி.ஓ.வை (பென்ஷன் பேமெண்ட் ஆர்டர்) எடுத்து ஒருமுறை பாருங்கள். சதவீதக் கட்டத்தில் 20, 30, 40 என்று இருந்தால் பிராட் பேண்டிங் இன்னும் ஏறவில்லை.

ஆகஸ்ட் 6, இரவு

ஒருவர் சரியாகப் பிடித்தார். "51 முதல் 75" என்று எழுதியது பிழை. சரியாக 50 என்று போர்டு போட்டிருந்தாலும் 75 ஆகும். 49 என்றால்தான் 50. நான் எழுதியபடி போனால் 50 சதவீதக்காரர் மாதம் 40,000 சம்பளக் கணக்கில் 3,000 ரூபாயை இழந்திருப்பார்.

இரண்டு மூன்று கோளாறு உள்ளவர்கள் தனித்தனி சதவீதத்தை நேராகக் கூட்டாதீர்கள். போர்டு காம்போசிட் என்று ஒரு மொத்த அளவு போடும், அது நேர்க்கூட்டலை விடக் குறைவாக இருக்கும். அதில் சிலவற்றை ஏற்று சிலவற்றை என்.ஏ.என்.ஏ. என்று தள்ளியிருந்தால், ஏற்றதை மட்டும் வைத்து நெட் போடுவார்கள். அப்பீல் தள்ளியவற்றுக்கு மட்டும் எழுத வேண்டும், கிடைத்ததைக் கிளறக் கூடாது.

ஆகஸ்ட் 9

20-க்குக் கீழே இருப்பவர்கள் கதை கடினம். 15 முதல் 19 சதவீதம் என்று போட்டு, முழு சர்வீஸ் முடித்து வெளியே வந்திருந்தால், 2019 டிசம்பரில் எஸ்.பி. ராத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவை மூடிவிட்டது. 20 இல்லையென்றால் எலிமென்ட் இல்லை, எலிமென்ட் இல்லையென்றால் பிராட் பேண்டிங்கும் இல்லை. சதவீதத்தை உயர்த்த ரிவ்யூ மெடிக்கல் போர்டு கேட்பது ஒன்றுதான் வழி. கேட்பதற்கு முன் சமீபத்திய ஸ்கேன், ஆடியோகிராம் மாதிரி கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

அதே 15 சதவீதத்தோடு மெடிக்கல் அவுட் ஆக்கியிருந்தால் நிலைமை வேறு. 2014 ஜூன், சுக்விந்தர் சிங் வழக்கு: வேலைக்கே ஆகாது என்று வெளியே அனுப்பிவிட்டு 20 கூட இல்லை என்று சொல்ல முடியாது, 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும். எனவே டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எந்தக் காரணத்தால் வெளியேற்றம் என்று எழுதியிருக்கிறது என்பதை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

ஆகஸ்ட் 12

வருடம் கடந்தது பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி பத்து நாள் ஆகிவிட்டது.

துறைக்குள் இரண்டு அப்பீல். முதலாவது ஏ.சி.எஃப்.ஏ., ஃபர்ஸ்ட் அப்பீல் கமிட்டி. நிராகரிப்பு வந்து ஆறு மாதத்துக்குள். அதுவும் தள்ளினால் இரண்டாவது எஸ்.ஏ.சி.பி., செகண்ட் அப்பீல் கமிட்டி, அதற்கும் ஆறு மாதம். ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத்தான் போகும், ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். உங்களுக்கு ஆறு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. இருந்தாலும் அனுப்புங்கள். காலம் கடந்தது என்று திருப்பினால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். துறைக்குள் இருந்த வழியைத் தட்டிப் பார்த்துவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. பதிலே வரவில்லை என்றால் ஆறு மாதம் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

மேலே என்றால் ஆர்ம்ட் ஃபோர்சஸ் ட்ரிப்யூனல் (ராணுவத்தினருக்கான தீர்ப்பாயம்), 2007 சட்டத்தில் வந்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு சென்னை பெஞ்ச். அங்கும் ஆறு மாதக் கெடு உண்டு, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத் தனி மனு சேர்த்துப் போட வேண்டும். பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பணம், தராமல் இருப்பது மாதாமாதம் நடக்கும் தவறு, அதனால் தாமதத்துக்காகவே வழக்கைத் தள்ளுவதில்லை. தர்சேம் சிங், உச்ச நீதிமன்றம், 2008. ஆனால் அதே தீர்ப்பில்தான் நான் சொன்ன விலையும் இருக்கிறது: நிலுவை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும்.

கணக்குப் போடுங்கள். மாதம் 6,000, வருடம் 72,000, அகவிலை நிவாரணம் சேர்க்காமல். மூன்று வருடம் தாண்டி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வருடமும் 72,000 திரும்ப வராது. ஊரில் யாராவது உட்கார்ந்திருந்தால் இதை அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 13

ஆகஸ்ட் 5-ல் எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். 2017-ல் வெளியே வந்தவருக்கு 1982 விதிகள் பொருந்தாது. 2008 ஜனவரி 1 முதல் வேறு விதிகள், 2023 செப்டம்பர் 21 முதல் மறுபடி வேறு. தரம்வீர் 1982 விதிகளின் மேல் வந்த தீர்ப்பு. அரசு வக்கீல் எழுந்ததும் முதலில் சொல்வது இதைத்தான்.

2008 விதிகளில், சேவையின்போது வந்தது என்பதாலேயே சேவையால் வந்தது ஆகிவிடாது என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். ஆகவே உங்கள் வாதத்தை "சேரும்போது நன்றாக இருந்தேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். போர்டு காரணம் எழுதியாக வேண்டும் என்ற கடமை 2008 விதிகளிலும் போகவில்லை. 2025 மார்ச்சில் சர்க்கரை நோய் வழக்கு ஒன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைச் சொன்னது: பீஸ் ஸ்டேஷனில் தெரிந்தது என்பது மட்டும் போதாது, சேவை காரணம் இல்லையென்றால் வேறு எது காரணம் என்று போர்டு சொல்ல வேண்டும். உங்கள் அப்பீலின் முதுகெலும்பு இதுவாக இருக்கட்டும். போஸ்டிங் தேதிகள் அதன் மேல் வரட்டும்.

2008 விதிகளில் இன்னொரு வரி. சாதாரணமாக நிரூபிக்கும் பாரம் கேட்பவர் மேல் இல்லை. ஆனால் வெளியே வந்து 15 வருடத்துக்குப் பிறகு கேட்டு, அதற்குள் சர்வீஸ் ஆவணங்களும் அழிக்கப்பட்டிருந்தால் பாரம் உங்கள் தலையில். 2010 வாக்கில் வெளியே வந்தவர்கள் வழக்கு இப்போது போடாவிட்டாலும், ஆவண நகல்களையாவது உடனே வாங்கி வையுங்கள்.

ஆகஸ்ட் 17

காயக்காரர்களுக்கு. நோயை விட இது எளிது, தாள் சரியாக இருந்தால்.

இஞ்சுரி ரிப்போர்ட் படிவம் ஐ.ஏ.எஃப்.ஒய். 2006. கமாண்டிங் ஆபீசர் கையெழுத்து, ட்யூட்டியில் நடந்ததா என்ற கட்டம், தேதி. இதில் தேதியும் மருத்துவமனையில் சேர்த்த தேதியும் முட்டிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும். யூனிட் ஏற்பாடு செய்த கபடி, வாலிபால், கிராஸ் கன்ட்ரி எல்லாம் ட்யூட்டிதான். விளையாட்டில் பட்ட முழங்கால் காயத்தைச் சொந்த விஷயம் என்று எழுதியிருந்தால் அப்பீலில் நிற்காது. லீவுக்காக யூனிட்டிலிருந்து ஊருக்குப் போகும், திரும்பும் அரசுச் செலவுப் பயணமும் ட்யூட்டி.

ஊர் வந்து சேர்ந்த பிறகு, லீவில், சொந்த வேலையாக பைக்கில் போய் விழுந்தது? 2011-ல் ஜுஜார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. செய்த காரியத்துக்கும் ராணுவ சேவைக்கும் தொடர்பு வேண்டும். லீவில் இருந்தாலும் சம்பளம் வாங்கினேனே என்ற வாதம் மட்டும் நிற்பதில்லை. இந்த வகை வழக்குக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள்.

போர்க்களக் காயம் தனி வகை. அது வார் இஞ்சுரி எலிமென்ட். காயத்தோடு சேவையில் வைத்திருந்து பிறகு ஓய்வு கொடுத்தவருக்கு 100 சதவீதத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது இருமடங்கு. ஆபரேஷன் பகுதியில் நடந்ததைச் சாதாரண ட்யூட்டி விபத்து என்று பதிந்திருந்தால் வகையை மாற்றக் கேட்க வேண்டும், சதவீதத்தை அல்ல.

ஆகஸ்ட் 17, சற்றுப் பின்

மாரடைப்புக்கு ஒரு தனித் தாள் உண்டு, மறந்துவிட்டேன். வலி வருவதற்கு முந்தைய 14 நாளில் என்ன வேலை பார்த்தார் என்று யூனிட் எழுதித் தருவது. இரவுக் காவல், லாங் மார்ச், கான்வாய் எல்லாம் அதில் வர வேண்டும். "ரொட்டீன் ட்யூட்டி" என்று இரண்டே வார்த்தையில் எழுதி அனுப்பிய தாளால் பல குடும்பங்களின் கோரிக்கை விழுந்திருக்கிறது. அந்த 14 நாள் யூனிட் ட்யூட்டி ரோஸ்டரை ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள்.

ஆகஸ்ட் 21

மனநோய் பற்றித் தனிச் செய்தியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வெளியே கேட்கவே கூச்சப்படுகிறார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு பக்கமும் தீர்ப்பு உண்டு. 2019 அக்டோபரில் நர்சிங் யாதவ் வழக்கு, ஸ்கிசோஃப்ரினியா, மறுத்துவிட்டார்கள். மனநோய் சேர்க்கும் நேரப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், எனவே நோய் எதுவும் குறிக்காத அந்தத் தாள் சான்றாகாது என்றார்கள். 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கு, அதே நோய், கொடுத்தார்கள். போர்டு காரணம் எழுதவில்லை என்பதே அங்கே தீர்மானித்தது. ஆக இங்கும் போர்டு தாளின் அந்த ஒரு கட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் அட்மிஷன் தாளில் வீட்டில் யாருக்காவது இருந்ததா என்ற கேள்விக்கு என்ன பதில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். "இல்லை" என்று இருந்தால் அந்தப் பக்கத்தை மேலே வையுங்கள். டாக்டர் அந்த நேரத்து யூனிட், பணி பற்றி எழுதிய வரி எதுவாக இருந்தாலும் அதையும் சேருங்கள்.

நோயாளி தானே கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை என்றால் மனைவியோ பெற்றோரோ யார் சார்பில் வழக்குப் போடுவது என்பதை வக்கீலிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். பாதியில் இதற்காகவே வழக்கு நிற்பது உண்டு.

ஆகஸ்ட் 28

கணவர் இறந்துவிட்டார், நான் கேட்கலாமா என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

கேட்கலாம் அம்மா. டிசெபிலிட்டி எலிமென்ட் அவர் உயிரோடு இருந்த நாள் வரைக்கும்தான், ஆனால் அவருக்கு வர வேண்டியிருந்த நிலுவையைக் குடும்பம் கேட்கலாம். மரணத்துக்குக் காரணமே அந்த நோய்தான், அது சேவையோடு தொடர்புடையது என்று ஏற்றால் உங்களுக்கு வர வேண்டியது சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் அல்ல, ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன். அதற்கு இறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. மரணக் காரணம் எழுதிய மருத்துவச் சான்றிதழ் வேண்டும், அதில் எழுதிய நோயின் பெயரும் போர்டு தாளில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுத உதவுவார்கள், அதற்குப் பணம் கிடையாது.

செப்டம்பர் 4

கேள்வி கேட்ட ஹவில்தார் சார் தாள் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். நோய் தெரிந்தது பீஸ் ஸ்டேஷனில், வந்து ஏழாவது மாதம். முந்தைய போஸ்டிங் இரண்டரை வருடம் உயர்மலை. போர்டு கருத்து அதே ஒற்றை வாக்கியம், குடும்ப வரலாறு கட்டம் காலி.

இது நல்ல தாள். அப்பீலின் முதல் பத்தியில் போஸ்டிங் தேதிகளும் ஏழு மாதமும், இரண்டாவதில் காலியான கட்டம், மூன்றாவதில் காரணம் எழுத வேண்டிய கடமை, கடைசியில் 30-ஐ 50 ஆக்கித் தர வேண்டும் என்ற கோரிக்கை. இந்தக் கடைசி வரியை விட்டால் ஜெயித்தாலும் 30-க்குத்தான் உத்தரவு வரும், 50-க்கு மறுபடி அலைய வேண்டும். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

உத்தரவு வந்தபின் திருத்திய பி.பி.ஓ. ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் போர்ட்டலில் ஏறும். ஏறிய அன்றே மூன்றைச் சரிபாருங்கள்: சதவீதம் 50 என்று இருக்கிறதா, தொடங்கும் தேதி உத்தரவில் உள்ள தேதிதானா, கணக்குக்கு எடுத்த சம்பளத்தில் மிலிட்டரி சர்வீஸ் பே சேர்ந்திருக்கிறதா. மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.